பாலிஷ் போட்ட தையல் மிஷின்: ஒரு நிகழ்வு ஆய்வு

அம்மா இறந்த பிறகு எங்கள் மூவருக்குள் வந்த ஒரே சண்டை ஒரு தையல் மிஷினுக்காக வந்தது. வீட்டைப் பிரித்தபோது யாரும் குரலை உயர்த்தவில்லை. வங்கிக் கணக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் காலால் மிதித்து ஓட்டும் ஒரு கறுப்பு மிஷினுக்காக அக்காவும் தம்பியும் நானும் ஓராண்டுக்கு மேல் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அதை விற்கப் போனால் பழைய இரும்புக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடத் தேறும், அவ்வளவுதான். அந்த ரகம் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் செய்து விற்றது.

இதை எழுதுவதில் ஒரு சிக்கலை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வை எழுதுகிற நான்தான் இதில் தவறு செய்தவனும். எனவே நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா, தம்பி சொன்னவற்றைப் பின்னால் வரும் ஒலிப்பதிவிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறேன். என் தரப்புக்கு மட்டும் என் ஞாபகமும் சாட்சியாக நிற்கிறது.

பொருளும் அதன் வயதும்

வார்ப்பிரும்புக் கால்கள், நடுவில் வலைப்பின்னல் போட்ட மிதிபலகை, வலப்பக்கம் பெரிய சக்கரம், அதிலிருந்து மேலே ஏறும் தோல் பெல்ட். மேலே மரப்பலகை. மிஷினின் தலையை உள்ளே மடக்கி மூடினால் சாதாரண மேசையாகிவிடும்; அதில்தான் நாங்கள் மூவரும் வீட்டுப்பாடம் எழுதினோம். இரண்டு பக்கமும் இழுப்பறைகள். தலை முழுக்கக் கறுப்புப் பூச்சு, அதன் மேல் பொன்னிறப் பூவேலை. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்தது. பாட்டிக்கு அவருடைய அம்மா கொடுத்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

இந்த ரக மிஷின்களில் ஊசிக்குக் கீழே இருக்கும் படுக்கைத் தட்டில் ஒரு வரிசை எண் பொறித்திருக்கும். சிங்கர் நிறுவனம் 1900 முதல் எண்ணுக்கு முன்னால் எழுத்தும் சேர்க்கத் தொடங்கியது. எழுத்தையும் எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டால் எந்தத் தொழிற்சாலையில், ஏறக்குறைய எந்த ஆண்டில் செய்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் மிஷினைப் பார்த்ததில், கொள்ளுப்பாட்டி இறந்து வெகுகாலம் கழித்துத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. பாட்டியே வாங்கியிருக்க வேண்டும். தன் அம்மா கொடுத்ததாகச் சொன்னால் மிஷினுக்குக் கொஞ்சம் மரியாதை கூடும் என்று நினைத்தாரோ என்னவோ. தம்பியிடம் சொன்னேன். "அந்த லிஸ்ட் தப்பா இருக்கும்ணே" என்று முடித்துவிட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ப்யூசி என்ற குடும்பம் ஓர் எருதுக் கொம்பை வைத்திருந்தது. 11-ஆம் நூற்றாண்டின் கனூட் அரசர் கொடுத்தது, அந்தக் கொம்புதான் தங்கள் நிலத்துக்குப் பட்டா மாதிரி என்று அவர்கள் சொல்லிவந்தார்கள். கொம்பு வாரிசின் கையை விட்டுப் போய், 1684-ல் வழக்காக வந்தது. ஈட்டுத்தொகை வாங்கிக்கொள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கொம்பையே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது. சில பொருள்களுக்குப் பணம் ஈடாகாது என்பதற்கு ஆங்கிலேயச் சட்டத்தில் இன்றும் எடுத்துச் சொல்லும் வழக்கு அது. கொம்பு இப்போது லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வெள்ளிப் பூண்கள் 15-ஆம் நூற்றாண்டு வேலை. கனூட் கொடுத்ததாகச் சொல்லும் வாசகமும் அந்தப் பூணில்தான் இருக்கிறது. கனூட் இறந்தது 1035-ல். வழக்கில் ஜெயித்த குடும்பத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

மூன்று பேர், மூன்று உரிமை

அக்கா மூத்தவள். பதினோரு வயதில் அந்த மிஷினில்தான் தையல் பழகினாள். அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு, வரும்போதெல்லாம் பத்துப் பதினைந்து ஊசியில் நூல் கோத்துத் துணியில் குத்தி வைத்துவிட்டுப் போவாள். "எனக்குத் தைக்கத் தெரியும், உங்களுக்குத் தெரியாது" என்பது அவள் வாதம். எதிர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை.

தம்பி கடைசி வரை அம்மாவோடு இருந்தவன். மருந்து, ஆஸ்பத்திரி, இரவு விழிப்பு எல்லாம் அவன் தலையில். "அது இருந்த இடத்துலயே இருக்கட்டும்" என்றான். அந்த இடம் இப்போது அவன் வீடு.

நான் நடுவில் பிறந்தவன். வேலைக்காக விலகிப் போனவன். என்னிடம் ஓர் ஆதாரம் இருந்தது: ஒருமுறை போனில் அம்மா, "அதை நீ எடுத்துக்கோடா" என்று சொன்னாள். இதை வெற்றிகரமாக எடுத்து வைத்தபோது மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா மூவரிடமும் அதையே சொல்லியிருந்தாள். ஒருவருக்கும் இல்லை என்று சொல்ல மனம் வராமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போவது பெற்றவர்கள் செய்கிற தப்புதான். எங்கள் அம்மா அதில் மட்டும் விதிவிலக்கா?

இப்படிப்பட்ட பிடிவாதத்துக்குப் பொருளாதாரத்தில் ஒரு விளக்கம் சொல்வார்கள். கானமன், நெட்ச், தேலர் என்ற மூவர் 1990-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு வகுப்பில் பாதிப் பேருக்குச் சாதாரணக் கோப்பை ஒன்றைக் கொடுத்தார்கள். கையில் கோப்பை இருந்தவர்கள் விற்கக் கேட்ட விலை, இல்லாதவர்கள் வாங்கச் சொன்ன விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கைக்கு வந்து சில நிமிடமே ஆன பொருள். ஆனால் எங்கள் மூவரில் யார் கையிலும் மிஷின் அன்று இல்லை. எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படுவது, நுகர்வோர் ஆய்வாளர் ரசல் பெல்க் 1988-ல் எழுதிய கட்டுரை. தனக்குச் சொந்தமானவற்றையும் சேர்த்துத்தான் மனிதன் 'நான்' என்று நினைக்கிறான் என்பது அதன் சாரம். அப்படியானால் எங்கள் மூவரின் 'நான்' அந்த மிஷினில் எந்த மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது? அதை அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அடுத்துச் செய்த காரியத்தைச் செய்திருக்க மாட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். தம்பி சிறுவயது முழுக்க என் பழைய சட்டைகளைப் போட்டு வளர்ந்தவன். அம்மா அந்த மிஷினில்தான் அவற்றைப் பிரித்து, தோளைக் குறைத்து, கையை மடித்து அவன் அளவுக்குத் தைப்பாள். அதை அவன் இன்றுவரை மன்னிக்கவில்லை. "எனக்குன்னு வாங்கின சட்டை எத்தனைன்னு விரல்ல எண்ணிடலாம்" என்பான். ஒரே வீட்டில், ஒரே கையால், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்தவைதான் சட்டையும் மிஷினும். ஒன்று மிச்சம், மற்றது சொத்து. கொடுத்தவர் இருக்கும்போது வந்தால் 'இது உனக்குப் போதும்' என்று காதில் விழுகிறது. இறந்த பிறகு வந்தால் 'இது உனக்காக வைத்திருந்தேன்' என்று விழுகிறது. துணி அதே துணிதான்.

நான் செய்த காரியம்

முடிவு வரும்வரை மிஷின் என் வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. அக்கா வீடு மூன்றாம் மாடி. தம்பி வீட்டில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. வந்து சேர்ந்ததும் பார்த்தேன். மரம் நிறம் மாறிக் கிடந்தது, பெல்ட் வெடித்திருந்தது, சக்கரத்தில் துரு. மிதித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு தட்டு. ஊசிக்கு இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு தேய்ந்து இரும்பு வெளுத்துத் தெரிந்தது. எனக்கு அது அவமானமாக இருந்தது. அம்மாவை நான் கவனிக்கவில்லை என்று அந்த மிஷின் என்னைப் பார்த்துச் சொல்வதுபோல. மூவரும் கூடுகிற நாளுக்குள் புதுசு போலச் செய்து நிறுத்திவிட்டால் பேச்சு மாறும் என்று நினைத்தேன்.

பழைய மரச்சாமான் வேலை பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் கேட்டதைச் செய்தார். முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறார். பழைய மிஷின்களின் பொன்னிறப் பூவேலை பெரும்பாலும் ஓர் ஒட்டுப்படம். அதைக் காப்பது மேலே இருக்கும் மெல்லிய அரக்கு வார்னிஷ். அரக்கு ஆல்கஹாலில் கரையும். கறுப்புப் பூச்சு தாங்கும், பூ தாங்காது. பாதிப் பூ துணியோடு வந்துவிட்டதும், "அரைகுறையா இருந்தா நல்லா இருக்காது சார், முழுசா அடிச்சிடலாமா?" என்று போனில் கேட்டார். சரி என்றேன். தலைக்குப் புதுக் கறுப்பு, புது ஒட்டுப்படம். மரத்தைத் தேய்த்து எடுத்து வார்னிஷ். மிதிபலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் முனையில் தேய்ந்திருந்த புஷ்ஷை, அதாவது தண்டு சுழலும் சிறு வளையத்தை, மாற்றினார்; தட்டும் சத்தம் போய்விட்டது. புது பெல்ட்.

வேலைக்குக் கொடுப்பதற்கு முன் நான் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

அன்று அக்காதான் முதலில் வந்தாள். துணியை விலக்கினேன். மிஷின் பளபளவென்று நின்றது. அக்கா கிட்டே போய் இடது உள்ளங்கையை ஊசிக்குப் பக்கத்தில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"இங்க வெளுத்திருந்ததே?"

"பெயின்ட் அடிச்சாச்சு அக்கா."

"யாரைக் கேட்டுடா அடிச்ச?"

தம்பி ஒன்றும் சொல்லாமல் முன்னால் உட்கார்ந்து மிதித்தான். மிஷின் சத்தமில்லாமல் ஓடியது. நான்கைந்து சுற்று ஓட்டிவிட்டுக் காலை எடுத்தான். "சத்தம் எங்கண்ணே?" என்றான். அதற்குமேல் அன்று பேசவில்லை. இருவரும் ஒன்றாகக் கிளம்பிப் போனார்கள். அதுவரை எதிரும் புதிருமாக இருந்தவர்களை ஒரே மாலையில் ஒன்று சேர்த்த பெருமை என்னுடையது.

அக்கா மகள் கேட்டது

ஓராண்டு கழித்து முடிச்சை அவிழ்த்தவள் அக்கா மகள். அவளுக்கு இந்தச் சண்டை சலித்துவிட்டது. எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்து, போனில் பதிவு செய்துகொண்டு, ஒரே கேள்வி கேட்டாள்: "மிஷின் நாளைக்குக் காணாமப் போயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. எதைத் தேடுவீங்க?" யாருக்குச் சேர வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை. முக்கியமாக, மற்றவர் என்ன சொன்னார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா சொன்னது: "அம்மா கை வெச்ச அந்த இடம். துணியைத் தள்ளும்போது இடது கை அங்கதான் உராயும். நான் பழகும்போது என் கை அந்த வெளுப்புக்குள்ள அடங்கிடும், சுத்தியும் மிச்சம் இருக்கும். அப்புறம் ஒருநாள் பார்த்தா சரியா இருந்துச்சு."

தம்பி சொன்னது: "அந்த டக் சத்தம். ராத்திரி பக்கத்து ரூம்ல ஓடிட்டே இருக்கும். அது நின்னா அம்மா தூங்கப் போறாங்கன்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வரும். என்ன தைச்சாங்கன்னு கேக்காத, எல்லாம் அண்ணன் சட்டைதான்."

நான் சொன்னதைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. நிறைய சுற்றி வளைத்த பிறகு, "அம்மா எனக்குத்தான் கொடுத்தாங்கன்னு சொல்றதை" என்கிறேன். மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தைப்பதற்காக அதில் ஒரு கையோ காலோ நான் வைத்ததே இல்லை. தூரத்தில் இருந்தவனையும் அம்மா எண்ணிக்கையில் சேர்த்திருந்தாள் என்பதற்கு எனக்கு ஒரு சாட்சிப்பொருள் வேண்டியிருந்தது. அதனால்தான் கறையும் தேய்மானமும் எனக்குக் குறையாகத் தெரிந்தன. அவற்றில் எனக்கு ஞாபகம் எதுவும் இல்லை.

மூவரும் கேட்டது ஒரு மிஷினை. மனதில் வைத்திருந்தது மூன்று வேறு பொருள்களை. 1970-களின் பிற்பகுதியில் சிகாகோ வட்டாரத்தில் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரிடம், வீட்டில் அவர்களுக்கு முக்கியமான பொருள்கள் எவை, ஏன் என்று கேட்டார்கள். சிக்சென்ட்மிஹாயியும் ராக்பெர்க்-ஹால்டனும் 1981-ல் வெளியிட்ட ஆய்வு அது. சிறியவர்கள் தாங்கள் ஏதாவது செய்யப் பயன்படும் பொருள்களைச் சொன்னார்கள். வயதானவர்கள் புகைப்படம் போல யாரையாவது நினைவுபடுத்தும் பொருள்களைச் சொன்னார்கள். ஒரே பொருளைச் சொன்னவர்களும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அக்காவின் காரணம் தொடுவது, தம்பியுடையது கேட்பது, என்னுடையது சொல்லிக்கொள்வது. ஒரு பொருளின் மதிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைப் பொருளின் பெயருக்கே ஒட்டிவிடுகிறார்கள். என் மட்டில், பொருளின் எந்த உறுப்பில் அது இருக்கிறது என்று கேட்டால்தான் ஏதாவது தெரியவரும்.

எது மாறினால் பொருள் மாறும்

"பழசை எல்லாம் மாத்திட்டே, இது அம்மா மிஷின் இல்லை" என்று அக்கா சொன்னபோது எனக்கு ஒரு பதில் இருந்தது. அம்மாவே எத்தனை முறை பெல்ட் மாற்றினாள்? ஊசிக்குக் கணக்கில்லை. பாபின் மாறியிருக்கிறது. ஒரு தடவை இழுப்பறையின் அடிப்பலகையே மாறியது. அப்போதெல்லாம் யாரும் இது பாட்டி மிஷின் இல்லை என்று சொல்லவில்லையே?

இந்தக் கேள்வி பழையது. கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பலகை பலகையாக மாற்றிக் காப்பாற்றிவந்ததையும், அது அதே கப்பலா இல்லையா என்று தத்துவக்காரர்கள் வாதாடியதையும் பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதியிருக்கிறார். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சுப் போட்டார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல்? வாதத்துக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததை இது விளக்கவில்லை. எத்தனை பாகம் மாறியது என்ற கணக்கில் பார்த்தால் அம்மா மாற்றியதுதான் அதிகம்.

ப்ரூஸ் ஹுட், பால் ப்ளூம் என்ற உளவியலாளர்கள் 2008-ல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு உதவியது. மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளிடம், எதையும் அச்சுப் பிசகாமல் நகலெடுக்கும் இயந்திரம் என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள். சாதாரண பொம்மைகளுக்குப் பிரச்சினை இல்லை. தூங்கும்போது கட்டிக்கொள்ளும் தன் பொம்மையையோ போர்வையையோ உள்ளே வைக்கச் சொன்னபோது, சில குழந்தைகள் வைக்கவே மறுத்துவிட்டன. வைத்த குழந்தைகளில் பெரும்பாலானவை பழையதையே திருப்பிக் கேட்டன. நகல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது தன்னோடு தூங்கியது இல்லை.

இதைவிட நேராக என் கன்னத்தில் அறைந்தது, குழந்தைநல மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1953-ல் வெளியிட்ட கட்டுரை. குழந்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் அந்த முதல் போர்வைத் துண்டு அழுக்காகி நாற்றமடித்தாலும், தாய் அதைத் துவைக்காமல் விட்டுவைக்கிறாள் என்கிறார் அவர். துவைத்தால் குழந்தையின் அனுபவத் தொடர்ச்சி அறுந்துபோகும், அந்தப் பொருளின் அர்த்தமே அழிந்துவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். நான் செய்தது அதுதான். துவைத்துவிட்டேன்.

அம்மா பெல்ட் மாற்றியது அடுத்த சட்டையைத் தைப்பதற்காக. ஓட்டத்தின் நடுவில் நடந்த மாற்றம் அது. மிஷின் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தது மிஷினை அதே மிஷினாக வைத்திருந்தது. நான் பூச்சு அடித்தது ஓட்டுவதற்காக இல்லை, பார்ப்பதற்காக. இந்த ஆய்வில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டென்றால் இந்த வேறுபாடுதான். ஆங்கிலத்தில் பரம்பரைப் பொருளைக் குறிக்கும் 'ஏர்லூம்' என்ற சொல்லின் பின்பாதிக்குப் பழைய அர்த்தம் 'கருவி'. வாரிசுக்குப் போகும் கருவி. கண்ணாடி அலமாரிக்குப் போகும் பொருள் என்று அந்தச் சொல்லில் எங்கும் இல்லை.

அருங்காட்சியகங்களில் பொருள்களைப் பாதுகாக்கிறவர்கள் கைவைப்பதற்கு முன் புகைப்படமும் குறிப்பும் எடுக்கிறார்கள். கூடியமட்டும் குறைவாகவே செய்கிறார்கள். செய்ததைப் பின்னால் வருபவர் நீக்கமுடிகிற மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். வெள்ளிப் பாத்திரத்தை ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் மேல்பரப்பில் கொஞ்சம் வெள்ளியும் போகிறது. அடிக்கடி தேய்த்தால் செதுக்கிய பெயரே மழுங்கிவிடும். பழைய நாணயம் சேகரிப்பவர்கள் நாணயத்தைத் துலக்கவே மாட்டார்கள். என் மிஷினுக்குத் தேவைப்பட்டது தையல் மிஷின் எண்ணெயும் மெல்லிய துணியும், ஒரு புது பெல்ட்டும். ஒரு மணி நேர வேலை.

பிரிக்கும் வழிகள்

சண்டை முற்றுவதற்கு முன்பே சில வழிகளை முயன்றோம். எல்லோருக்கும் ஆளுக்கு 100 புள்ளி, வீட்டுப் பொருள்களுக்குப் பிரித்துப் போடுங்கள் என்று நான் ஒரு தாள் தயாரித்தேன். கணிதக்காரர்கள் இதற்கு நல்ல முறைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் தாளில் மூவரும் மிஷினுக்கே 80-க்கு மேல் போட்டிருந்தோம். யாருக்குப் போகிறதோ அவர் மற்ற இருவருக்கும் பணமாக ஈடு கட்டலாம் என்றேன். தம்பி பேனாவை மூடி வைத்துவிட்டான்.

மிச்சப் பொருள்களில் தகராறே இல்லை. பாத்திரம், போர்வை, நாற்காலி எல்லாவற்றையும் அக்கா மகள் போட்டோ எடுத்தாள், பிறகு வேண்டியவர்களுக்குக் கொடுத்தோம். இது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கேரன் வின்ட்ரிச்சும் சகாக்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் விடுதிகளில் நன்கொடை திரட்டும்போது, நினைவுள்ள பொருளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள் என்று அறிவித்த இடத்தில் 613 பொருள்களும், அப்படிச் சொல்லாத இடத்தில் 533 பொருள்களும் வந்தன. நினைவு போய்விடும் என்ற பயம்தான் பல பொருள்களை வீட்டில் நிறுத்தி வைக்கிறது. பயம் தீர்ந்தால் பொருள் வெளியே போகும். ஆனால் வெளுத்த இரும்பில் கை வைப்பதைப் போட்டோ எடுக்க முடியாது.

1973-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. அப்பா உட்கார்ந்திருந்த ஆடுநாற்காலி அண்ணனுக்கா தங்கைக்கா அல்லது அக்காவுக்கா தம்பிக்கா, வரிசை நினைவில்லை, உடன்பிறந்தவர்கள் இருவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறு மாதம் ஒருவரிடம், ஆறு மாதம் மற்றவரிடம், ஒருவர் இறந்தால் இருப்பவருக்கு முழு உரிமை என்று தீர்ப்பு வந்தது. நாங்களும் அதுபோல முறை வைத்துப் பார்த்தோம். நாற்காலியைத் தூக்கலாம். வார்ப்பிரும்பைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியவர்கள் இரண்டாவது தடவை வர மாட்டோம் என்றுவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் வராததும்

பதிவுகளை மூவரும் சேர்ந்து கேட்ட அன்று நான் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தேன். வேலை பார்த்தவர் கழற்றிய பழைய பாகங்களை எல்லாம் அதில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார். வெடித்த பெல்ட், இரண்டு திருகு, தேய்ந்த புஷ். தம்பி புஷ்ஷைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்த வாரம் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து, நல்ல புஷ்ஷைக் கழற்றிவிட்டு அதை மாட்டச் சொன்னான். அந்த மனிதர் மூன்று தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். தேய்ந்த பாகத்தை மாற்றக் கூப்பிடுவார்கள், மாட்டக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவையாம். மாட்டி மிதித்ததும் 'டக்' திரும்பி வந்தது. கொஞ்சம் கனம் குறைவு என்றான் தம்பி. புது பெல்ட் பழகியதும் சரியாகும் என்றார் மெக்கானிக்.

வெளுப்பு திரும்பி வரவில்லை. மேலே அடித்த பூச்சைச் சுரண்டி எடுக்கலாமா என்று நான் கேட்டேன். "அது உன் கை செஞ்ச வெளுப்பா இருக்கும், வேண்டாம்" என்றாள் அக்கா. சரியான பதில், எனக்கு அது வலித்தது என்பது வேறு விஷயம். மிஷின் அவளிடமே இருக்கட்டும் என்று தம்பிதான் முதலில் சொன்னான். இழுப்பறையிலிருந்த பொத்தான்கள், சாக்குக்கட்டித் துண்டுகள், அளவு நாடா எல்லாம் அதோடு போயின. தம்பி அக்கா வீட்டுக்குப் போகும்போது, அவள் தைத்துக்கொண்டிருந்தால் பக்கத்து அறையில் போய்ப் படுத்துக்கொள்கிறான். எனக்கு அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: இந்த மிஷினை அம்மா எனக்கும் கொடுத்ததாகவும், நான் அதை அவளிடம் ஒப்படைத்ததாகவும், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. கேலியாகத்தான் எழுதினாள். நான் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அக்கா தினமும் தைக்கிறாள். புதுப் பூச்சு பழையதைவிட மட்டமானது போலிருக்கிறது. ஊசிக்கு இடப்பக்கம் பளபளப்பு ஏற்கெனவே குறைந்திருக்கிறது. அந்த இடம் அம்மாவுடையதைவிட ஒரு விரல் தள்ளி இருப்பதாக அவள் சொல்கிறாள்.

போன மாதம் அக்கா மகள் புதுக் கோரிக்கை வைத்தாள். அவளும் தைக்கத் தொடங்கியிருக்கிறாள். மிதித்து மிதித்து முழங்கால் வலிக்கிறதாம். பழைய மிஷின்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார் மாட்டிக்கொள்ளலாம், துளை போட வேண்டியதில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். மோட்டார் மாட்டினால் கீழே இருக்கும் தண்டுக்கும் சக்கரத்துக்கும் வேலை இல்லை, தட்டும் சத்தமும் வராது. தம்பி முடியவே முடியாது என்கிறான். மேலே நான் எழுதிய வாதத்தின்படி பார்த்தால் அவள் கேட்பதுதான் நியாயம், ஓட்டுவதற்காகக் கேட்கிறாள். அக்கா இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.